ஒருவரும் விழாத வார்டு

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் அச்சடித்த படிவம் இருந்தது. நாள்பட்ட நோயுள்ள முதியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறோம், பழைய நர்ஸுகளையும் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்றீர்கள். முதல் கேள்வி, "உங்கள் காலத்தில் வார்டில் நோயாளிகள் விழுந்ததுண்டா?"

பதிவேட்டின்படி இல்லை என்றேன். நீங்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் இப்போது உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன், லீவு நாளில் மட்டும் செவ்வாப்பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போவேன். எனக்குக் கொடுத்திருந்தது ஆண்கள் வார்டு. இருதயக் கோளாறு, சர்க்கரை, இளைப்பு என்று தீராத வியாதிக்காரர்கள். அநேகமாக எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். கொஞ்சம் தேறினால் வீட்டுக்குப் போவார்கள், இரண்டு மாதத்தில் அதே கட்டிலுக்குத் திரும்பி வருவார்கள். அவர்கள் தலையணையின் பள்ளம்கூட எங்களுக்குத் தெரியும்.

அந்த வார்டுக்கு ஒரு பெருமை இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, "இந்த வார்டில் வருடக்கணக்காக ஒரு நோயாளிகூட விழவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகள் இதைப் பின்பற்றலாம்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். பெரிய டாக்டர் அதைக் கண்ணாடி போட்டு வார்டு வாசலில் மாட்டிவைத்திருந்தார்.

அதிகாரி பொய் எழுதவில்லை. சம்பவப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதினார். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாலோ, மருந்து மாறிப்போனாலோ அந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் மறுநாளே, கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு எழுதினவளுக்கு ஒரு மெமோ வரும். எனக்கு முன்னால் இருந்த ஒரு நர்ஸ் ஒரே ஒருமுறை எழுதினாளாம். ஆந்திர எல்லையை ஒட்டி ஒரு மருந்தகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் யாரும் விழவில்லை. சறுக்கினார்கள். தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கட்டிலுக்குக் கீழே படுத்த நிலையில் காணப்பட்டார்கள். விழ மட்டும் செய்யவில்லை.

என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லப்பன் விழுந்ததை எழுதாமல் விட்டவள் நான்.

எல்லப்பன் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்து மீன்காரர். ஏரிக்காற்றில் அறுபத்தைந்து வருஷம் நின்ற ஆள், வற்றலும் இல்லை தடிமனும் இல்லை. இருதயம் பலவீனமாகி இரண்டு காலும் வீங்கிவிட்டன. நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். அதிகம் பேசமாட்டார். பக்கத்துக் கட்டில்காரர் இருமினால் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். தன் வலியைக் கேட்டால், "இருக்குதுமா, அது எங்க போவப்போவுது" என்பார்.

ஒருநாள் காலை, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. வார்டின் அந்தக் கோடியில் விரிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். 'தொப்'பென்று சத்தம். ஈரத் தரையில் எல்லப்பன் ஒருக்களித்துக் கிடந்தார். நானும் ஆயா முனியம்மாவும் ஓடினோம்.

"தூக்கு, தூக்கு, டாக்டர் வந்துருவாரு" என்றேன். இன்றைக்கு உங்களில் யாராவது இதைச் செய்தால் நானே கையில் அடிப்பேன். எங்கே அடி என்று பார்க்காமல் விழுந்த மனிதரைத் தூக்கவே கூடாது. எனக்கும் அது தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் காதில் டாக்டரின் செருப்புச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் போட்டு, மார்பு வரை போர்வையை இழுத்துவிட்டோம். அவர் கத்தவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. குனிந்து அவர் காதில், "விழுந்தேன்னு சொல்லிடாதீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் வந்தார். "என்ன, இவருக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"இடுப்புல வலி சார். கொஞ்ச நாளா இருக்குன்றாரு" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

டாக்டர் எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பன் தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் வலி குறையவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் போன கடிதத்தில், 'சில நாட்களாக இடுப்பு வலி' என்று இருந்தது. எழுதினது நான், கையெழுத்து டாக்டருடையது. அங்கே அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் வயசான காலத்து மூட்டுவலி என்று எடுத்துக்கொண்டார்கள். தைலம் தேய்த்துப் படுக்கவைத்தார்கள். எல்லப்பனும் நான் கேட்டுக்கொண்டபடி அங்கே எந்த டாக்டரிடமும் விழுந்ததைச் சொல்லவில்லை. ஒரு வாரம் போன பிறகு எவரோ சந்தேகப்பட்டுப் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்திருப்பது தெரிந்தது. கடிதத்தில் 'விழுந்தார்' என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் முதல்நாளே எடுத்திருப்பார்கள்.

நான்கைந்து மாதம் கழித்து மூச்சு வாங்குகிறது என்று மறுபடியும் எங்கள் வார்டுக்கே வந்தார். ஒரு கால் குட்டையாகியிருந்தது. கக்கத்தில் கட்டை. மறுபக்கம் மனைவி அஞ்சலை தாங்கிப்பிடித்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளத் தோன்றியது. அவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் உளுந்தத நீ எழுதவேயில்லியா?"

நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

"அன்னிக்கி நீ சொல்லாதேன்ன, நான் சொல்லல. டாக்டர்கிட்ட மட்டுந்தான் சொல்லவேணாம்னு நினைச்சேன். புஸ்தகத்துல நீ எழுதிக்குவேன்னு நினைச்சேன்."

அஞ்சலை இடையில் புகுந்தாள். "கள்ளுக்கடை தொறந்து உட்டாங்கள்ல, அதுலேர்ந்து குப்பத்துல எவன் உளுந்தாலும் குடிச்சிட்டு உளுந்தான்றானுங்க. இவரு வாய்ல ஒரு சொட்டு வெச்சதில்ல. ஆஸ்பத்திரில உளுந்தாருன்னா எவனும் நம்பல. ஆஸ்பத்திரில ஒர்த்தரும் உளமாட்டாங்களாமே, போர்டே மாட்டிகீதாமே, பார்த்துட்டு வந்து சொல்றானுங்க. ஒரு சீட்டு எழுதிக் குடு சிஸ்டரு. இங்கதான் உளுந்தாருன்னு."

"மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன். வேலையில் சேர்ந்த முதல் மாதமே கற்றுக்கொண்ட வாக்கியம் அது.

எல்லப்பன் அதற்குக் கோபப்படவில்லை. "சரி, அது கெடக்கட்டும். நான் ஏன் உளுந்தேன்னாவது தெரியுமா ஒனக்கு?" என்றார். "காலைல மாத்திர குடுக்குற. அரைமணில மூத்திரம் முட்டுது. அந்த நேரத்துக்குத்தான் ஆயா வந்து மூத்திர டப்பாவையெல்லாம் தூக்கிக்கினு போயிடுது, டாக்டரு பாக்கக்கூடாதுன்னு. கட்டில வுட்டு எறங்காதேன்ற. தரையெல்லாம் தண்ணி ஊத்தித் தொடைக்கிற. நான் இன்னாம்மா பண்றது? கட்டில்லயே போவறதா? நான் மட்டுமில்ல, இங்க உளுந்தவன் அத்தினி பேரும் அந்த நேரத்துலதான் உளுந்தான். நீ வேணா எண்ணிப் பாரு."

அன்று சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பதிவேட்டில் எழுதப் பயம். சொந்த நோட்டில் எழுதினதற்கு யாரும் மெமோ கொடுக்க முடியாதல்லவா? யார் விழுந்தார், எத்தனை மணிக்கு, தரை ஈரமா, டப்பா எங்கே இருந்தது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆனது. பழைய நோயாளிகள், ஆயாக்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, நடந்துபோனவற்றையும் எழுதினேன். இதற்குத்தான் நீங்கள் இன்று ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் புலம்பல் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

மூன்று மாதத்தில் நோட்டு முக்கால்வாசி நிரம்பியது. எல்லப்பன் சொன்னது சரி. பெரும்பாலோர் விழுந்தது டாக்டர் வருவதற்கு முந்தைய ஒரு மணிக்குள். டாக்டர் கண்ணுக்கு வார்டு சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று நாங்கள் செய்த ஒவ்வொரு காரியமும் ஒரு கிழவரைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

நோட்டை மேட்ரன் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவரைப் பார்த்து வார்டே நடுங்கும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"ரவுண்ட்ஸ் நேரத்த மாத்த நம்மால ஆவாது" என்றார். "மாத்திரைச் சீட்டுல டாக்டர் என்ன எழுதியிருக்காரு?"

"காலையில் ஒன்றுன்னு."

"காலைன்னா எத்தன மணி வரைக்கும்?"

"எட்டு மணி வரைக்குமா மேடம்?"

"பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் காலைதாம்மா. பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சி டாக்டர் அந்தாண்ட போனதும் குடு. அதுல தப்பிருந்தா நான் பாத்துக்கறேன். தரைய விடியறப்பவே தொடைச்சிடச் சொல்லு. டப்பா கட்டிலுக்கடியிலயே இருக்கட்டும், மேல ஒரு துண்டப் போட்டு மூடு."

"டாக்டர் வர்றப்ப ஃபினாயில் வாசன வரணுமே மேடம். வரலன்னா தொடைக்கலன்னு சத்தம் போடுவாரு."

மேட்ரன் கொஞ்சம் யோசித்தார். "ஒரு துணிய ஃபினாயில்ல நனைச்சி வாசக் கதவு பின்னால தொங்கவிடு. அவருக்கு வாசனதான வேணும்?"

அப்படியே செய்தோம். டாக்டர் மறுநாள் உள்ளே நுழைந்து ஒருமுறை மூச்சை இழுத்து, "இன்னைக்கு வார்டு ரொம்ப சுத்தம்" என்றார். கால் நனையாத சந்தோஷம் அவருக்கும் இருந்திருக்கும். முனியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த மாதம் விழுவது பாதிக்கும் கீழே குறைந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் குறைந்தது. மேட்ரன் அம்மா, "இனிமே நோட்டு எதுக்கு, மூடி வை" என்றார். நானும் மூடிவைத்திருப்பேன். வேலை முடிந்தது, யாருக்கும் சேதமில்லை, வாசலில் கண்ணாடிச் சட்டமும் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒரு மத்தியானம் சுப்பராயன் என்று ஒரு நெல்வயல்காரர், தரையில் விழுந்த துண்டை எடுக்கக் குனிந்து, துண்டோடு துண்டாக விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். இந்த முறை தூக்கவில்லை. கை, கால், இடுப்பு எல்லாம் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அவரே எழுந்து உட்கார்ந்து, "தூக்கம் கலஞ்சிடுச்சி, நாஷ்டா எதனா இருக்குதா?" என்று கேட்டார். ஒன்றுமில்லாத விழுதல். இதை எழுதாவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

மறுபடியும் வந்து சேர்ந்திருந்த எல்லப்பன் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்து எழுதாமல் விட்டிருப்பேன்.

பதிவேட்டை எடுத்தேன். எழுதினேன்: 'பிற்பகல் நோயாளி கட்டிலருகே விழுந்தார். காயம் இல்லை.' நான்கு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் நான் பார்த்த முதல் 'விழுந்தார்' அதுதான்.

மறுநாள் பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். மேட்ரனும் நின்றிருந்தார். மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது.

"இத்தன வருஷமா ஒருத்தரும் விழாத வார்டு" என்றார் டாக்டர். "அடி பட்டுச்சா அவருக்கு?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு எழுதின? அடிபட்டிருந்தா எழுதறது சரி."

"அடிபட்டிருந்தா எழுதியிருக்கமாட்டேன் சார். பயந்திருப்பேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

என் பையில் நோட்டு இருந்தது. எடுத்து நீட்டினால் இந்த வார்டில் எவ்வளவு பேர் விழுந்தார்கள் என்று ஒரே நிமிஷத்தில் நிரூபித்துவிடலாம். ஆனால் அந்த நோட்டில் என் பெயர் மட்டும் இல்லை. எழுதாமல் விட்ட நர்ஸுகள் ஐந்தாறு பேர் பெயர் இருந்தது. அதில் இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருத்தி வீட்டில் அவள் வேலை ஒன்றுதான் அடுப்பெரித்தது. உண்மை என் கையில் இருந்தது. அதை யார் தலையில் போடுவது என்பதுதான் கேள்வி. நோட்டை வெளியே எடுக்கவில்லை. என் கதையை மட்டும் சொன்னேன். எல்லப்பன் விழுந்தது, நான் தூக்கினது, டாக்டரிடம் நான் சொன்ன பொய், கடிதத்தில் எழுதின பொய், குட்டையான கால்.

டாக்டர் பதிவேட்டை மூடிவைத்தார்.

"அந்த லெட்டர்ல கையெழுத்து யாருது?" என்று டாக்டர் கேட்டார். அவருக்கே தெரியும்.

"உங்களுது சார். என்னை நம்பிப் போட்டீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல வைத்தியர் அவர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதுகைக் காட்டிக்கொண்டே, "அந்த ஆள் என்ன கேக்கறாரு?" என்றார்.

"இங்கதான் விழுந்தார்னு ஒரு சீட்டு சார்."

"ஆஸ்பத்திரி பேர்ல குடுக்கமுடியாது. உன் பேர்ல நீ என்ன வேணா எழுதிக் குடு. எனக்குத் தெரியாது."

எனக்கு மெமோ வந்தது. எல்லப்பனை எழுதாமல் விட்டதற்கு அல்ல. சுப்பராயனை எழுதினதற்கு. 'தங்கள் பொறுப்பில் உள்ள வார்டில் நோயாளி விழுந்ததற்கு விளக்கம் தரவும்.' அந்த வருஷம் முழுக்க யார் விழுந்தாலும் எழுதினேன். மெமோக்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் வார்டில் மிகக் குறைவானவர்கள் விழுந்தது அந்த வருஷம்தான். ஆனால் காகிதத்தில், எங்கள் ஆஸ்பத்திரியின் சரித்திரத்திலேயே மிக மோசமான வார்டு எங்களுடையது. கண்ணாடிச் சட்டம் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்துப் பெண்கள் வார்டிலும் ஒருத்தி எழுத ஆரம்பித்தாள், பிறகு இன்னொருத்தி. கடைசியில் மெமோவை நிறுத்தியது எங்கள் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். டைப்பிஸ்ட் ஒருநாள் பெரிய டாக்டரிடம் போய், "சார், இவங்க மெமோ அடிக்கறதுக்கே எனக்குப் பொழுது போயிடுது, மத்த வேல எப்ப பாக்கறது, பேஜாரா இருக்குது" என்று அழாத குறையாகச் சொன்னார். விழுந்ததற்கெல்லாம் மெமோ வேண்டாம், மாதம் ஒரு அறிக்கை போதும் என்று உத்தரவு வந்தது.

இதற்கெல்லாம் முன்பே, அறையிலிருந்து வெளியே வந்த அன்றே, எல்லப்பனுக்குச் சீட்டு எழுதிவிட்டேன். 'இவர் இந்த ஆஸ்பத்திரி வார்டில், சிகிச்சையில் இருந்தபோது, ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அப்போது நான் பணியில் இருந்தேன். விழுந்ததை அன்று பதிவு செய்யாதது என் தவறு.' கீழே என் முழுப்பெயர், கையெழுத்து. வேலை போவதற்கு இதைவிட நல்ல காகிதத்தை யாராலும் எழுதியிருக்க முடியாது.

அஞ்சலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சீலு இல்லியே சிஸ்டரு. சீலு இல்லாத சீட்ட எவன் நம்புவான்?"

மேட்ரன் அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது மூலையில் ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது. அவர் பொறுப்பில் இருந்த ஒரே முத்திரை, சலவைக்குப் போகும் போர்வைகளில் குத்துவது. அஞ்சலைக்குத் திருப்தி.

ஒரு மாதம் கழித்து மாத்திரை வாங்க அவள் தனியாக வந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததும் முதலில் கேட்கத் தோன்றியது அதுதான். "சீட்டைக் காட்டினீங்களா?"

"காட்டனோம். கோயிலாண்ட எல்லாரயும் கூட்டிவெச்சி வாத்தியார வுட்டு ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னோம்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவானுங்க? 'பாத்தியா, ஆஸ்பத்திரிக்குள்ளயே குடிச்சிக்கினு இருந்துகீறான்'னுட்டானுங்க."

இவ்வளவுக்கும் பிறகு இதுதானா என்று இருந்தது. "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவரா? சிரிச்சாரு. கால் ஒடிஞ்சதுக்கப்புறம் அன்னிக்கித்தான் சிரிச்சாரு. ஊட்டுக்கு வந்து சீட்ட மடிச்சி, துணிப்பொட்டில அடியில வெச்சாரு. 'அவனுங்களுக்கு இன்னா தெரியும், எழுதனவளுக்குத் தெரியும்ல'ன்னாரு." கையிலிருந்த காலி பாட்டிலை என் முன்னால் வைத்தாள். "மாத்திரயக் குடு சிஸ்டரு. நீ சொன்ன மாதிரி பத்து மணிக்கு மேலதான் குடுக்கறேன். சீக்கிரம் குடு, பொன்னேரி பஸ்ஸு போயிடும்."